எழுதும் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு இரண்டு மாதக் கருப்பு நாய்க்குட்டி வந்து ஒன்பது நாள் ஆகிறது, இன்னும் பெயர் வைக்கவில்லை. அடுத்த வாரம் காப்பகத்திலிருந்து நாலு வயதுப் பூனை ஒன்றும் வருகிறது. அதன் அட்டையில் 'மின்னு' என்று எழுதியிருக்கிறது. குட்டிக்கு மகள் 'நோவா' என்கிறாள். மனைவி, பூனையோடு ஜோடி சேரட்டும் என்று 'சின்னு' என்கிறார். உங்கள் அப்பா 'கருப்பன்' என்பதில் உறுதியாக இருக்கிறார். நடுவில் ஆளுக்கொரு விதி வேறு: பெயர் இரண்டு அசையைத் தாண்டக்கூடாது, 'ஸ்' சத்தம் இருந்தே ஆகவேண்டும், மனிதப் பெயர் வைக்கக்கூடாது, பழைய பெயரை மாற்றினால் பூனை குழம்பிவிடும். மற்றவர்கள் எப்படித்தான் பெயர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாம் முறை படித்தபோது உள்ளே இன்னொரு கேள்வி இருப்பதாகப் பட்டது. தப்பான பெயரை வைத்துத் தொலைத்தால் அப்புறம் திருத்த முடியுமா என்பதுதான் அது. திருத்தலாம், அதுவும் நீங்கள் நினைப்பதைவிடச் சுலபமாக. அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் 19 வருடமாகக் கால்நடை மருத்துவன். கிளினிக்குக்கு வருவது பெரும்பாலும் நாய், பூனை. கொஞ்சம் கிளி, முயல். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாய்க்குட்டிகளுக்கு அடிப்படைப் பயிற்சியும் நடத்துகிறேன். பிராணிகளின் செவித்திறன் பற்றிய ஆராய்ச்சிகளை விடாமல் படிப்பவன், செய்பவன் இல்லை. அதனால் எது சோதித்துப் பார்த்தது, எது என் அனுபவம், எது வாய்வழியாக வந்த நம்பிக்கை என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு என் மேஜையில் குவிந்திருக்கும் அட்டைகளே போதும். முதல் இடம் எப்போதும் நிறத்துக்கும் தோற்றத்துக்கும்தான். கருப்பன், வெள்ளை, செவலை, பிரவுனி, ஸ்னோயி, புள்ளி, குட்டை வால் இருந்தால் மொட்டை. இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. கிரேக்கர் செனோபன் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் வேட்டை பற்றி எழுதிய நூலில், நாய்களுக்குக் குறுகிய பெயராக வையுங்கள், அப்போதுதான் கூப்பிட எளிது என்று சொல்லிவிட்டு 47 பெயர்களை வரிசையாகக் கொடுக்கிறார். ஈட்டி, காவல், பூ, இளமை என்று பொருள்படும் பெயர்களெல்லாம் அதில் உண்டு. தோற்றத்தை வைத்து வந்த பெயர், குணத்தை வைத்து வந்த பெயருக்கு வழிவிடுவதும் பழைய கதைதான். 1957இல் விண்வெளிக்குப் போன லைக்காவுக்கு முதலில் இருந்த பெயர் குத்ரியாவ்கா, அதாவது சுருட்டை முடிக்காரி. உலகம் தெரிந்துகொண்டதோ லைக்கா என்ற பெயரைத்தான். அதன் வேர் 'குரைப்பது'.

தோற்றத்தை வைத்துப் பெயர் வைப்பதில் ஒரு சின்னச் சிக்கல்: குட்டியாக இருக்கும்போது தெரிகிற தோற்றம் நிலைக்காது. டால்மேஷியன் குட்டிகள் புள்ளியே இல்லாமல் பிறக்கின்றன, புள்ளிகள் சில வாரம் கழித்துத்தான் வரும். யார்க்ஷயர் டெரியர் கருப்பாகப் பிறந்து வளர வளர நீலச்சாம்பலுக்கு மாறும். சியாமீஸ் பூனைக்குட்டி கிட்டத்தட்ட வெள்ளையாகவே பிறக்கும். அதன் உடலில் நிறமியை உண்டாக்கும் நொதி வெப்பத்தில் வேலை செய்யாது. தாயின் வயிற்றுக்குள் சூடு, அதனால் குட்டி வெள்ளை. வெளியே வந்தபின் உடம்பில் எங்கெல்லாம் கொஞ்சம் குளிர்ச்சியோ, அதாவது காது, மூக்கு, பாதம், வால், அங்கெல்லாம் கருமை ஏறும். 'பால்' என்று பெயர் வைத்து என்னிடம் தடுப்பூசிக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு குட்டி, அடுத்த வருடம் வந்தபோது கரிச்சட்டியில் முகத்தை விட்டு எடுத்த மாதிரி இருந்தது. பெயர் மட்டும் இன்னும் பால்தான். வீட்டில் யாருக்கும் அது உறுத்தவில்லை, நான் சிரித்தபோதுதான் அவர்களும் கவனித்தார்கள்.

ஆண் பெண் குழப்பமும் இதே வகைதான். பூனைக்குட்டிகளில் முதல் சில வாரங்களில் மருத்துவர்களே தடுமாறுவோம். ராணி என்று வந்து ஆண் என்று தெரிந்தவை என் கணக்கில் டஜனைத் தாண்டும். மூவண்ணப் பூனை என்றால் பெண் என்று அநேகமாகக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். செந்நிறப் பூனைகளில் ஆண்களே அதிகம். அந்த நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் வரும் விளைவு அது. கழுத்து வளையம் வருகிற பச்சைக்கிளியில் ஆணுக்கு அந்த வளையம் தெரியவே ஒன்றரை முதல் மூன்று வயது ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் இரு பாலுக்கும் பொருந்துகிற பெயரை வையுங்கள், அவ்வளவுதான். பிராணிக்கு இதில் எந்த மானக்கேடும் இல்லை, வெட்கமெல்லாம் நமக்குத்தான்.

அடுத்த பெரிய கூட்டம் சினிமா, கார்ட்டூன், விளையாட்டு. ஒரு படம் பெரிதாக ஓடினால் மூன்று மாதத்துக்குள் அதன் கதாநாயகன் நாலு காலில் என் கிளினிக்குக்குள் நடந்து வருவான். அட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்தே நாயின் வயதை உத்தேசமாகச் சொல்லிவிடலாம் என்று என் உதவியாளர் பந்தயம் கட்டுவார், பெரும்பாலும் ஜெயிப்பார். தின்பண்டப் பெயர்கள் இன்னொரு ரகம்: பிஸ்கட், லட்டு, காஃபி. வேண்டுமென்றே முரணாக வைப்பவர்கள் உண்டு. கன்றுக்குட்டி அளவு கிரேட் டேனுக்கு 'எறும்பு', கையடக்க சிவாவாவுக்கு 'டைசன்'. எனக்குப் பிடித்த ரகம் இதுதான், காத்திருப்பவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். இறந்துபோன நாயின் பெயரையே அடுத்த நாய்க்கும் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் 'பழைய மணி இப்படிச் செய்யாதே' என்று புதிய மணியை வருடக்கணக்கில் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், அதைத்தான் யோசிக்கச் சொல்வேன்.

மனிதப் பெயர் கூடாது என்பதற்குப் பிராணியின் பக்கமிருந்து எந்தக் காரணமும் இல்லை. அதற்கு மனிதப் பெயர், நாய்ப் பெயர் என்ற பாகுபாடே கிடையாது. மனிதர்கள் பக்கம் மட்டும் ஒன்று உண்டு. எதிர்வீட்டுக்காரருக்கும் அதே பெயர் என்றால், "ரமேஷ், அங்கே மூத்திரம் போகாதே!" என்று காலங்காத்தால் கத்தும்போது உறவு கெடும். வீட்டிலும் நெருங்கிய சொந்தத்திலும் அந்தப் பெயரில் ஆள் இல்லையென்றால் தாராளமாக வையுங்கள்.

கென்னல், அதாவது இனநாய் வளர்த்து விற்கும் இடம், வழியாக வாங்கியவர்களுக்கு இன்னொரு கதை. பிரான்ஸில் பதிவுபெற்ற இனநாய்களுக்கு ஆண்டுக்கு ஓர் எழுத்து. 2024இல் பிறந்தவற்றுக்கு 'வி', 2025இல் பிறந்தவற்றுக்கு 'ஏ', பெயர் அந்த எழுத்தில் தொடங்க வேண்டும். பெயர் கிடைக்கச் சிரமமான ஆறு எழுத்துகளை விட்டுவிட்டு 20 எழுத்துகளில் சுற்றுகிறார்கள், ஆக எழுத்தைப் பார்த்தாலே நாயின் வயது தெரியும். ஜெர்மனியில் ஒரு வளர்ப்பாளரின் முதல் ஈற்றுக் குட்டிகள் அத்தனைக்கும் 'ஏ', இரண்டாம் ஈற்றுக்கு 'பி' என்று போகும். அமெரிக்காவில் பந்தயக் குதிரை என்றால் இடைவெளியையும் சேர்த்து 18 எழுத்துக்குள் முடிக்க வேண்டும். இப்படி வருகிற பதிவுப் பெயர்கள் நீளமாக, கென்னல் பெயரையும் சுமந்துகொண்டு, அரச பரம்பரை மாதிரி இருக்கும். வீட்டில் அதையெல்லாம் யாரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதற்குத் தனியாக ஒரு கூப்பிடு பெயர் உண்டு. உங்கள் விவாதத்தில் விட்டுப்போனது இந்த இடம்தான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் நான்கு பேரும் எழுதும் பெயரைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள், குட்டியின் காதில் விழப்போவது விளி. பள்ளியில் எட்டாம் வேற்றுமை படித்திருப்போம்: கருப்பன் கருப்பா ஆகும், மணி மணீ ஆகும். நாய்க்குத் தெரிந்த பெயர் அந்த எட்டாம் வேற்றுமை மட்டும்தான். கார்டில் 'அலெக்ஸாண்டர்' என்று எழுதிய ஒரு லாப்ரடார் எங்கள் கிளினிக்குக்கு வரும். முதல் முறை வந்தபோது நான் கதவைத் திறந்து "அலெக்ஸாண்டர்" என்றேன். அது தரையில் தாடையை வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அலெக்ஸ்" என்றேன், ம்ஹூம். கூட வந்த பையன் பாட்டிக்குப் பின்னாலிருந்து மெதுவாக "சண்டூ" என்றான். முதலில் காது, பிறகு கண், பிறகு அந்த முப்பது கிலோவும் எழுந்து நின்றது. அன்றிலிருந்து புதிய அட்டை போடும்போது இரண்டு கேள்வி கேட்கிறோம்: பெயர் என்ன, வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள். இரண்டாவது பதிலைத்தான் பெரிய எழுத்தில் எழுதுகிறோம்.

அதனால் பெயரைத் தாளில் எழுதிப் பார்க்காதீர்கள், வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். கொல்லைப்புறக் கதவில் நின்று பத்து முறை, கொஞ்சம் உரக்க. பக்கத்து அறையிலிருந்து கொஞ்சலாக ஒருமுறை. பிறகு, குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு அவசரமாக ஒருமுறை. மூன்றிலும் ஒரே பெயராக வாயில் வருகிறதா, இல்லை மூன்று விதமாகச் சிதைகிறதா என்று பாருங்கள். நீளமான பெயர் வேண்டாம் என்பதற்கு உண்மையான காரணம் இதுதான், நாயால் நீளமான சொல்லைக் கற்க முடியாது என்பதில்லை. சேஸர் என்ற பார்டர் கோலி 1,022 பொம்மைகளின் பெயரைத் தனித்தனியாக அறிந்திருந்தது. ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர் ஓய்வுக்குப் பிறகு அதற்குக் கற்றுக்கொடுத்து, 2011இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். அதற்கு முன் 2004இல் ரிக்கோ என்ற இன்னொரு பார்டர் கோலி 200க்கு மேற்பட்ட சொற்களோடு பேசப்பட்டது. எல்லா நாயும் சேஸர் ஆகாது, ஆனால் ஐந்தசைப் பெயர் ஒன்றுக்கு எந்த நாயும் திணறாது. திணறுவது நாம்தான். நீளமான பெயரை அம்மா ஒரு மாதிரி, மகள் ஒரு மாதிரி, தாத்தா ஒரு மாதிரி வெட்டிச் சுருக்குவார்கள். குட்டிக்கு ஒரு பெயருக்குப் பதில் மூன்று பெயர் கற்க வேண்டியிருக்கும், அதுவும் முதல் மாதத்திலேயே.

இனி அந்த எழுத்து விதிகள். பயிற்சியாளர்கள் க, ட, ப போன்ற வல்லின ஒலி இருக்கட்டும் என்பார்கள். வல்லினம் திடீரென்று வெடித்து வருவதால் இரைச்சலுக்கு நடுவிலும் தனியாகத் தெரியும் என்பது வாதம். நியாயமான வாதம்தான், நானும் அப்படித்தான் பரிந்துரைக்கிறேன். ஆனால் அதைத் தொழில் அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள், நிரூபணமாக வேண்டாம். சோதித்துப் பார்க்கப்பட்டது வேறொன்று. பட்ரீஷியா மெக்கானல் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர், வெவ்வேறு மொழி பேசும் பயிற்சியாளர்களின் குரல்களைப் பதிவு செய்து ஒப்பிட்டார். விலங்கை ஓட வைக்க, வரவழைக்க எல்லோரும் குட்டையான ஒலிகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நிறுத்த, அமைதிப்படுத்த ஒரே ஒலியை நீட்டி இறக்குகிறார்கள். பிறகு நாய்க்குட்டிகளிடம் சோதித்தபோதும் அதுவே தெரிந்தது: மேலே ஏறுகிற நான்கு குட்டை ஒலிகளுக்குக் குட்டிகள் ஓடிவந்தன, நீண்டு இறங்குகிற ஓர் ஒலிக்கு அவ்வளவாக வரவில்லை. அதாவது பெயரில் என்ன எழுத்து என்பதைவிட அதை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பதற்குத்தான் கனம் அதிகம். "கரூ...ப்பாஆஆ" என்று இழுத்து இறக்கினால் குட்டி நின்று திரும்பிப் பார்க்கும். "கருப்பா கருப்பா கருப்பா" என்றால் ஓடிவரும்.

பூனைக்கு 'ஸ்' சத்தம் வேண்டும் என்பது எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை, நாய்க் காது சுமார் 45,000 வரை, பூனைக் காது 64,000 வரை கேட்கும். 'ஸ்' உயர் அதிர்வெண் மிகுந்த ஒலி. இரண்டையும் சேர்த்து யாரோ விதி செய்துவிட்டார்கள். உயர்ந்த ஒலி கேட்கும் என்பதால் அந்த ஒலியில்தான் கூப்பிட வேண்டும் என்று ஆகாது. சொல்லப்போனால் 'ஸ்ஸ்' என்பது இன்னொரு பூனையின் சீறலைப் போலவும் இருக்கிறது. நான் இந்த விதியைப் பொருட்படுத்துவதில்லை.

நிஜமாகவே பொருட்படுத்த வேண்டியது ஒன்று உண்டு: ஒலிமோதல், அதாவது பெயர் ஒரு கட்டளையைப் போலவோ இன்னொரு பெயரைப் போலவோ ஒலிப்பது. 2020இல் ஹங்கேரியில் வீட்டு நாய்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து ஒரு சோதனை நடத்தினார்கள். தெரிந்த கட்டளைச் சொல்லுக்கும், அர்த்தமே இல்லாத முற்றிலும் வேறான சொல்லுக்கும் நாயின் மூளை வேறுபாடு காட்டியது. ஆனால் கட்டளையில் ஒரே ஒரு ஒலியை மட்டும் மாற்றிச் சொன்னபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. அதன் காது நம்முடையதைவிடக் கூர்மை, ஆனாலும் சொல்லின் ஒவ்வொரு ஒலியையும் நாம் கவனிக்கிற மாதிரி அது கவனிப்பதில்லை என்று அந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இந்தச் சோதனை கட்டளைகளை வைத்து நடந்தது, பெயர்களை வைத்து இல்லை. அப்படியும் பயிற்சி வகுப்பில் நான் பார்ப்பதோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள். 'நோவா': வேண்டாம் என்பதற்கு நாம் 'நோ' என்கிறோம், கூப்பிட 'வா' என்கிறோம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் பாவம் அது என்ன செய்யும்? வேறு மொழி பேசுகிற வீட்டில் அழகான பெயர், தமிழ் வீட்டில் அது ஒரு முரண்பட்ட உத்தரவு. இதே மாதிரி 'போலோ'வில் 'போ' இருக்கிறது, 'வாணி'யில் 'வா' இருக்கிறது. உட்காரச் சொல்ல 'சிட்' என்று பழக்குகிறவர்கள் 'சிட்டு' என்று பெயர் வைத்துவிட்டு வகுப்புக்கு வருவார்கள். பெயரைச் சொன்னதும் அது டக்கென்று உட்கார்ந்துவிடும், வாடா என்றால் நகராது. மூன்று வாரம் அந்த நாயைப் பிடிவாதக்காரன் என்று திட்டிவிட்டுத்தான் ஒரு குடும்பம் இதைக் கண்டுபிடித்தது.

'சின்னு'வுக்கும் இதே காரணத்தால்தான் நான் மறுப்பு. ஒரே வீட்டில் மின்னு, சின்னு என்று வைத்தால் உங்கள் காதுக்கு எதுகை. அவற்றின் காதுக்கு ஏறத்தாழ ஒரே சத்தம். டிங்கு பிங்கு, சோனு மோனு என்று வைத்த வீடுகளில் ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டும் வரும், அல்லது இரண்டுமே வராது. இரண்டு பிராணிகள் இருந்தால் முதல் எழுத்தும் நடு உயிரொலியும் முடிவும் எல்லாம் மாறியிருக்கட்டும். ஜோடிப் பொருத்தம் வேண்டுமானால் பொருளில் வைத்துக்கொள்ளுங்கள், ஒலியில் வேண்டாம்.

தாத்தாவின் 'கருப்பன்' எனக்குப் பிடித்திருக்கிறது. வல்லினம் இருக்கிறது, வாயில் நன்றாக நிற்கிறது, கட்டளை எதோடும் மோதவில்லை. ஒரே ஒரு இடறல், அதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். விளியில் அது 'கருப்பா' ஆகிறது. வீட்டில் சின்னப் பெண் இருக்கிறாள். அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'அப்பா' என்று கூப்பிடுவாள் என்று எண்ணிப் பாருங்கள். என் நண்பர் வீட்டுக் கருப்பன், பையன் குளியலறையிலிருந்து "அப்பா, துண்டு!" என்று கத்தியதும் தகப்பனுக்கு முன்னால் கதவடியில் போய் நிற்கும்.

பெயர் என்று ஒன்று இருப்பது அவற்றுக்குப் புரிகிறதா என்பதையும் கேட்டிருந்தீர்கள். ஒலியை அடையாளம் கண்டுகொள்கின்றன என்பது உறுதி. 2019இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் நாய்களுக்கு அவற்றின் பெயரையும், அதே அழுத்தத்தில் அமைந்த வேறு பெயரையும், பின்னணியில் பலர் பேசும் இரைச்சலோடு ஒலிபரப்பினார்கள். இரைச்சலும் பெயரும் ஒரே அளவு சத்தமாக இருந்தபோதும் நாய்கள் தம் பெயரைப் பிரித்துக் கேட்டன. அதே ஆண்டு ஜப்பானில் அட்சுகோ சைட்டோ குழுவினர் 78 பூனைகளிடம் செய்த சோதனையும் வெளியானது. ஒலிப்பதிவில் நாலு வேறு சொற்களை வரிசையாகப் போடுவார்கள், பூனை சலிப்படைந்து கவனிப்பதை விட்டுவிடும். ஐந்தாவதாக அதன் பெயர் வரும். உடனே காது அசையும், தலை திரும்பும். முன்பின் அறியாத ஒருவர் சொன்னால்கூட அப்படித்தான். எழுந்து வந்தவை மிகக் குறைவு, அது பூனை வளர்ப்பவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. ஆனால் அதே ஆய்வில், பூனைகள் நிறைய இருக்கும் கஃபே ஒன்றில் வாழ்ந்தவை தம் பெயருக்கும் மற்றப் பூனைகளின் பெயருக்கும் வேறுபாடு காட்டவில்லை. அங்கே யாரைக் கூப்பிட்டாலும் எல்லோருக்கும் ஏதாவது கிடைக்கும் போல.

'இது நான்' என்று அவை நினைக்கின்றனவா என்பது வேறு விஷயம். சைட்டோவின் ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. இந்த ஒலி வந்தால் சாப்பாடோ, தடவலோ, சில சமயம் டாக்டரிடம் போகும் கூடையோ வரும் என்ற தொடர்பு போதும் அந்த நடத்தையை விளக்க. நானும் அந்த அளவோடுதான் நிற்பேன். பெயர் என்பது அவற்றுக்கு 'இப்போது என்னைப் பார், ஏதோ நடக்கப்போகிறது' என்ற மணியோசை.

பழைய பெயரை மாற்றுவது பற்றி இப்போது சொல்லலாம். மணியோசைதான் என்றால் இன்னொரு மணியைப் பழக்குவதில் என்ன கஷ்டம்? நாலு வயது என்ன, பத்து வயதுப் பிராணிகூடப் புதிய பெயரைக் கற்றுக்கொள்ளும். பிராணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது புதிய பெயரை ஒருமுறை சொல்லுங்கள், தலை திரும்பிய நொடியில் பிடித்த தின்பண்டம் ஒரு துணுக்கு. ஒரு அமர்வில் பத்துத் தடவை போதும், நாளுக்கு இரண்டு மூன்று அமர்வு. பழைய பெயர் நன்றாகப் பதிந்திருந்தால் அதைப் பாலமாக வைத்துக்கொள்ளலாம்: முதலில் புதியது, உடனே பழையது, பிறகு தின்பண்டம். சில நாளில் பழையதை விட்டுவிடுங்கள். வரிசை முக்கியம், பழையதை முன்னால் சொன்னால் அது அதற்கே திரும்பிவிடும், புதியது வெறும் சத்தமாகவே நிற்கும். நாய்கள் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் பிடித்துக்கொள்கின்றன. பூனைகளில் ஆளுக்கு ஆள் மாறும், இது என் அனுபவக் கணக்கு மட்டும்.

சில நேரம் மாற்றியே ஆகவேண்டும். ஒரு முறை காப்பகத்திலிருந்து ஒரு பெண் நாயைக் கொண்டுவந்தார்கள். அட்டையில் இருந்த பெயரைச் சொன்னதும் வயிற்றைத் தரையோடு ஒட்டி, காதுகளைப் பின்னால் மடித்து, மேஜைக் காலுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. முன்பிருந்த வீட்டில் அந்தப் பெயரை எப்போது, எந்தக் குரலில் சொல்லியிருப்பார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வேறு பெயர் வைக்கச் சொன்னேன். நம் வீடுகளிலும் இது மெதுவாக நடந்துவிடுகிறது. செருப்பைக் கடித்தால் பெயர், குப்பையைக் கவிழ்த்தால் பெயர், கூண்டில் அடைக்கப் பெயர். திட்டுவதற்கு ஒரு தனிச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், பெயரை அதில் இழுக்காதீர்கள். இன்னொரு கெடுதலும் உண்டு. மணிக்கு ஊசி போட்டாச்சா, மணியை யார் குளிப்பாட்டினது, மணி எங்கே என்று நாள் முழுக்க அதன் தலைக்கு மேல் நாம் பேசிக்கொண்டே இருப்போம், எதுவும் நடக்காது. அந்த ஒலிக்கு அர்த்தமில்லை என்று அது கற்றுக்கொள்ளும். அதனால்தான் சில வீடுகளில் பேச்சில் 'குட்டி' என்றும், கூப்பிட மட்டும் பெயரும் வைத்துக்கொள்கிறார்கள். தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, நல்ல பழக்கம்.

குரலும் சேர்ந்தால்தான் வேலை செய்யும் என்பதற்கு 2016இல் புடாபெஸ்டில் ஒரு சான்று கிடைத்தது. 13 நாய்களை எம்ஆர்ஐ கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பாராட்டுச் சொற்களைக் கேட்க வைத்தார்கள். பாராட்டுச் சொல்லும் பாராட்டுகிற தொனியும் சேர்ந்து வந்தபோதுதான் மூளையில் மகிழ்ச்சியோடு தொடர்புள்ள பகுதி இயங்கியது. வெறும் தொனியில் வேறு ஏதோ சொல், அல்லது பாராட்டுச் சொல்லை உணர்ச்சியில்லாமல் சொல்வது, இரண்டுக்கும் இல்லை. எவ்வளவு அழகான பெயராக இருந்தாலும் எரிச்சலான குரலில் வந்தால் குட்டிக்கு அது அழகில்லை.

மற்றப் பிராணிகள் பற்றி ஒரு வரி. மீனுக்கும் ஆமைக்கும் உங்கள் மனம்போல வையுங்கள். கிளிக்கு மட்டும் யோசியுங்கள், நீங்கள் வைக்கிற பெயரை அது உங்களிடமே திருப்பிச் சொல்லும், பெரிய இனமாக இருந்தால் நாற்பது வருடம். எதுவாக இருந்தாலும் தெருவில் கத்திக் கூப்பிடக் கூசாத பெயராக இருக்கட்டும். 'புலி' என்று பெயர் வைத்த ஒருவர், அது அவிழ்த்துக்கொண்டு ஓடிய இரவில் பூங்கா முழுக்க "புலி, புலி" என்று கத்திக்கொண்டு ஓடினார். புலி வருது கதை நிஜமாகவே நடந்தது, முதல் தடவையே யாரும் உதவிக்கு வரவில்லை.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை இது. பூனைக்கு மின்னு என்பதே இருக்கட்டும். புது இடம், புது வாசனை, கூட ஒரு நாய்க்குட்டி என்று அதற்கு அந்த வாரம் ஏகப்பட்டது மாறுகிறது, பெயரையும் சேர்த்து மாற்ற அவசரமில்லை. அந்தப் பெயருக்கு அது பயப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். குட்டிக்கு அட்டையில் கருப்பன் என்று எழுதித் தாத்தாவிடம் காட்டிவிடுங்கள். கூப்பிட 'கருப்ஸ்' வைத்துக்கொள்ளலாம். அப்பாவோடு மோதாது, மின்னுவோடும் மோதாது, மகள் ஒத்துக்கொள்வாள் என்று நினைக்கிறேன். 'ஸ்' விதிக்காரர்களுக்கும் சமாதானம். பெயர் பதிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: குட்டி உங்களுக்கு முதுகைக் காட்டி, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் இருக்கும்போது, பின்னாலிருந்து சாதாரணக் குரலில் முதலில் வேறேதாவது ஒரு சொல்லைச் சொல்லுங்கள், கொஞ்சம் பொறுத்துப் பெயரைச் சொல்லுங்கள். எழுந்து வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்தச் சொல்லுக்கு ஒரு காது மட்டும் உங்கள் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள்.